தேதி இல்லாத பக்கங்கள்

என் அப்பா ஒரு வாடகைச் சைக்கிளைக் கடையை விட்டு வெளியே அனுப்பும்முன் பத்து இடத்தில் தொட்டுப் பார்ப்பார். என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே அனுப்ப அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இதை எழுதும்போது இன்னும் கோபம் வருகிறது. நேற்றிலிருந்து அந்தக் கோபம் வேறு ஓர் ஆளின் பக்கமும் திரும்பியிருக்கிறது. அது யார் என்பதைக் கடைசியில்தான் என்னால் சொல்ல முடியும்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு என் வயதுதான் இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒன்பதாவது, பத்தாவது படித்தவர்கள் நாம். இன்று நம் வீட்டில் அதே வயதில் ஒரு பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது நாம் ஒரு விஷயத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். "நான் எந்த கிளாஸ் படிக்கறேன்னே எங்க அப்பாவுக்குத் தெரியாது. ஆனாலும் நல்லா வந்துட்டோம்ல?" நானும் சொல்லியிருக்கிறேன். சிரித்தும் இருக்கிறேன். அது பெருமைப்படுகிற விஷயமே இல்லை. நல்லா வராதவர்கள் அந்தப் பந்தியில் நம் பக்கத்தில் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கடை திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு புளியமரத்தை ஒட்டி இருந்தது. பதினாறு சைக்கிள்கள். பின் மட்கார்டில் வெள்ளை பெயிண்டில் நம்பர் போட்டிருக்கும். பஞ்சர் சொல்யூஷன், மண்ணெண்ணெய், டியூப் முக்கிப் பார்க்கும் தொட்டியின் அழுக்குத் தண்ணீர், மூன்றும் கலந்த ஒரு வாசனை அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள்தான் முக்கியமான வாடிக்கை. தாடி வைத்த ஒருவர் காவி வேட்டியோடு வந்து நிற்பார். உலகத்தையே துறந்துவிட்டு வந்தவராக இருக்கும். அப்பா விட மாட்டார்.

"பெல். பெல் அடி."

அவர் சிரிப்பார்.

"நோ சிரிப்பு. பெல்."

அவர் பெல்லை அடிப்பார். பிறகு முன் பிரேக், பின் பிரேக், செயின், சீட்டின் போல்ட். திரும்பி வரும்போது மறுபடியும் அதே சோதனை. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டம் பார்ப்பார். "இந்த ஸ்போக்கு காலைல நேரா இருந்துச்சு சார். எந்தப் பள்ளத்துல உட்டீங்க?" என்று தமிழிலேயே கேட்பார். அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொல்லிவிடுவார்.

அப்பா எட்டாவது வரை படித்தவர். காலையில் கடை திறந்ததும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை சத்தமாக வாசிப்பார். எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள் அதைக் கேட்பார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இது படிக்காதவரின் கதை இல்லை.

புரோக்ரஸ் கார்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாக மடிக்கும் மஞ்சள் அட்டை. பின்பக்கம் பெற்றோர் கையொப்பத்துக்குக் கட்டம் கட்டமாக இடம். அந்தக் கையெழுத்தை வாங்க நான் பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்தேன். அன்று சாயங்காலம் கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொள்ளும். சைக்கிள் ஓடாது. அப்பா சைக்கிள்களை உள்ளே தள்ளிவிட்டு அம்மாவோடு சேர்ந்து அவித்த வேர்க்கடலை விற்பார். கடலை கீழ்பென்னாத்தூரில் அத்தையின் நிலத்திலிருந்து வரும். ஆவி பறக்கும் அண்டாவுக்கு முன்னால் ஏழெட்டு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது நான் கார்டை நீட்டுவேன்.

"இன்னாம்மா இது?"

"கார்டுப்பா. சைன் போடணும்."

"எல்லாம் சரியா இருக்குதா?"

"சரியாத்தான் இருக்குப்பா."

சைக்கிள் சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போடுவார். அவருக்குத் தன் கையெழுத்தின் மேல் பிரியம் உண்டு. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் இனிஷியலை நிதானமாக எழுதி, பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒரு கோட்டை இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைப்பார். கார்டின் முன்பக்கத்தை ஒருநாளும் திருப்பியதில்லை. திருப்பியிருந்தால் ஒன்பதாவது வகுப்பில் என் கணக்கு மார்க்கைப் பார்த்திருப்பார். ஐம்பத்தெட்டு, நாற்பத்தொன்று, இருபத்தொன்பது, இருபத்திரண்டு. கடைசி இரண்டுக்கும் சிவப்பு மையில் அடிக்கோடு.

நான் ஏமாற்றினேன் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். அந்தப் பொய் எடுபடுகிற மாதிரி எல்லாவற்றையும் பெரியவர்கள் அமைத்து வைத்திருந்தார்கள்.

அந்த வருடம் நடந்தது இதுதான். அக்டோபரில் எங்கள் கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. கணக்கு பீரியடில் தையல் டீச்சர் வந்து உட்கார்ந்து, "சத்தம் போடாம ஏதாச்சும் படிங்கடி" என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்வெட்டரைப் பின்னுவார். நீல நிற ஸ்வெட்டர். திருவண்ணாமலை வெயிலில் அதை யாருக்காகப் பின்னினாரோ. நாங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளி வைத்துக் கட்டம் போட்டு விளையாடினோம். சந்தோஷமாக இருந்தோம். பதினாலு வயதில் கணக்கு டீச்சர் வராவிட்டால் யார்தான் அழுவார்கள்? அழ வேண்டியவர்கள் பெரியவர்கள். அவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

பிப்ரவரி கடைசியில் டீச்சர் திரும்பி வந்தார். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. விட்டுப்போன பாடம் எல்லாவற்றையும் ஆறு வாரத்தில் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தார். "யாருக்குப் புரியல?" என்று கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை.

மே மாதம் பள்ளிக்கூடத்து பியூன் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். தலைமையாசிரியை அப்பாவைப் பார்க்க வேண்டுமாம்.

அப்பாவுக்கு அது பெரிய கௌரவமாகிவிட்டது. காலையில் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து நகக்கண் ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தார். கல்யாணத்துக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டை. வெறுங்கையோடு போகக் கூடாது என்று கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, விபூதியும் ஒரு எலுமிச்சம்பழமும் வாங்கிவந்தார். என்னைக் கேரியரில் உட்கார வைத்து ஏழாம் நம்பர் சைக்கிளை எடுத்தார். அதுதான் இருப்பதிலேயே நல்ல சைக்கிள்.

தலைமையாசிரியை அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. என் வகுப்புப் பெண்கள் எட்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ. அடி அண்ணாமலையிலிருந்து வரும் ஒருத்தியின் அம்மா தோட்டத்துப் பூசணிக்காய் ஒன்றை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தார். ஒவ்வொரு குடும்பமாக உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தது. போகும்போது பெரியவர்கள் முகத்தில் பயம் இருந்தது. வரும்போது ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் முறை வந்தது. அப்பா உள்ளே போனார். என்னை வாசற்படியிலேயே நிற்கச் சொன்னார்கள். கதவு திறந்திருந்தது.

"உக்காருங்க" என்றார் தலைமையாசிரியை.

"பரவால்லிங்க மேடம்."

"அட, உக்காருங்க."

அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"உங்க பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு. இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைண்ட் வந்ததில்ல."

"எல்லாம் உங்க ஆசீர்வாதங்க."

"ஆனா கணக்கு ரொம்ப கம்மி. பத்தாவதுல இங்க தாங்க மாட்டா. இங்கயே இருக்கணும்னா ஒம்பதாவதையே இன்னொரு வருஷம் படிக்கணும். வயசுப் பொண்ணு, சங்கடப்படுவா. டி.சி. வாங்கிக்கறீங்கன்னா பாஸ்னு போட்டுத் தர்றோம். வேற ஸ்கூல்ல பத்தாவது சேத்துடலாம். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரிதாங்க மேடம்."

டைப் அடித்த தாள் ஒன்று ஏற்கெனவே தயாராக இருந்தது. அதைத் தள்ளிவைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். அப்பா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். இனிஷியல், பெயர், கோடு, இரண்டு புள்ளி. சைக்கிள் சீட்டில் எடுத்துக்கொண்ட நேரத்தைக்கூட அங்கே எடுத்துக்கொள்ளவில்லை. மேசையின் ஓரத்தில் பூசணிக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், கூடவே எங்கள் எலுமிச்சம்பழமும் விபூதியும். எங்களை வெளியே அனுப்புவதற்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுத்த காணிக்கை.

திரும்பி வரும்போது அப்பா உற்சாகமாக மிதித்தார். "எவ்ளோ பெரிய அம்மா, நமக்கு காபி குடுத்தாங்க பாரு" என்றார். நான் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்த ஸ்கூல்ல சேக்கறது?"

"அதான் சேத்துடலாம்னு சொன்னாங்களே."

"யாரு சேப்பாங்க? அவங்களா?"

அப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஜூனில் மூன்று பள்ளிக்கூடங்களுக்குப் போனோம். எதிலும் இடம் கிடைக்கவில்லை. இரண்டில் பத்தாவதுக்குப் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்றார்கள். மூன்றாவதில் கிளார்க் டி.சி.யையும் அதோடு இணைத்திருந்த அப்பாவின் கடித நகலையும் வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒம்பதாவதோட எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க? பொண்ணு ஏதாவது பிரச்சனை பண்ணுச்சா?"

"இல்லிங்களே. கணக்கு கம்மின்னு அவங்கதான் அனுப்பிட்டாங்க."

"அவங்க எங்க அனுப்பனாங்க? நீங்களே கேட்டு வாங்கியிருக்கீங்க. படிச்சுப் பாருங்க."

அப்பா அந்தத் தாளை முதல் தடவையாக அப்போதுதான் வாசித்தார். பள்ளிக்கூடத்து வராந்தாவில் நின்றுகொண்டு, ஆட்டோக்காரர்களுக்குப் பேப்பர் வாசிக்கும் அதே குரலில் சத்தமாக வாசித்தார். "குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில், என் மகளின் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன்." ஒரு தடங்கல்கூட இல்லாமல் வாசித்தார். முடிந்ததும் கீழே தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று வீட்டில் அம்மா கேட்டார். "படிக்கத் தெரிஞ்ச மனுஷன்தானே நீங்க? அங்கயே ஒரு தடவ படிச்சா இன்னா?"

"அவங்க எதிர்ல வெச்சிப் படிச்சா, அவங்கள நம்பலன்னு ஆயிடும்ல?"

இதுதான் நம் மாதிரி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. முன்பின் தெரியாதவன் ஒரு சைக்கிளைத் தொட்டால் சந்தேகப்படுவோம். வாத்தியார் நீட்டிய தாளை வாசிப்பது மட்டும் மரியாதைக் குறைவு. வாசிக்காமல் போடும் கையெழுத்துதான் நமக்கு மரியாதை. அந்த அறையில் இருந்தவருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. காபி அதற்காகத்தான் வந்தது.

அம்மா ஐந்தாவது படித்தவர். அன்று சாயங்காலம் என் கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். கணக்கு ஒன்றும் அவருக்குப் புரியாது. சும்மா பக்கத்தைத் திருப்பினார். நாங்கள் ஒவ்வொரு நாளும் மேல் ஓரத்தில் தேதி எழுதியாக வேண்டும். அம்மா தேதிகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம் திருப்பினார்.

"இங்க அக்டோபர்னு இருக்குது. அடுத்த பக்கம் பிப்ரவரி. நடுவுல எங்கடி?"

நான் சொன்னேன். டீச்சர், பிரசவம், ஸ்வெட்டர், எல்லாம்.

"நாலரை மாசமா? ஏண்டி சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலையேம்மா."

அம்மா கையை ஓங்கினார். பிறகு இறக்கிக்கொண்டார். மறுநாள் காலை அந்த நோட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். அம்மாவுக்கு நாற்காலி தரவில்லை. காபியும் வரவில்லை.

"நாலரை மாசம் கணக்கு டீச்சரே இல்ல மேடம். இதோ பாருங்க, நோட்டுல தேதியே இல்ல. அப்ப என் பொண்ணு எப்பிடிங்க பெயிலு? டீச்சர் வெக்காத ஸ்கூலுதானே பெயிலு?"

தலைமையாசிரியை நோட்டைத் தொடவில்லை. "அதே கிளாஸ்ல தொண்ணூறு வாங்கின பொண்ணுங்களும் இருக்காங்களே."

அவர்கள் எல்லாரும் டியூஷன் போனவர்கள். எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லத் தைரியம் வரவில்லை.

"அதுவும் இல்லாம, உங்க வீட்டுக்காரர் சொந்த விருப்பம்னு எழுதிக் கையெழுத்து போட்டிருக்காரு. நாங்க அனுப்பல. நீங்கதான் கேட்டீங்க."

"பொண்ணு பத்தாவது படிக்கற நேரத்துல ஸ்கூல விட்டு இட்டுனு போவணும்னு எந்தத் தகப்பனுக்குங்க சொந்த விருப்பம் வரும்?"

"சீட் எல்லாம் ஃபுல் ஆயிடுச்சும்மா. கிளம்புங்க."

அம்மா ஜெயித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஜெயிக்கவில்லை. வெளியே வந்து குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, நோட்டை மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார்.

விஷயம் கீழ்பென்னாத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது. அத்தை ஒரு மூட்டை கடலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். "உடு தம்பி. பொம்பளப் புள்ள பத்தாவது படிச்சா இன்னா, படிக்காட்டி இன்னா? என் சின்னவன் டிராக்டர் ஓட்டறான். தை மாசம் முடிச்சுடலாம். அவளும் எங்கயும் போவல, நம்ம ஊட்டுக்குத்தானே வர்றா."

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணி, அவளுக்குப் பதினாலுதான் ஆவுது" என்றார்.

"எனக்கு பதிமூணுல ஆச்சு. நான் செத்தா போயிட்டேன்?"

அத்தை கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு வழி செய்வதாகத்தான் நினைத்தார். எல்லாரும் என் நல்லதுக்குத்தான் பேசினார்கள் அந்த வருடம். அப்பா நாலாவது நாள் அத்தையிடம் சொன்னார். "டுட்டோரியல்ல சேத்துடறேன்கா. மார்ச்சுல எழுதட்டும். பாஸ் ஆவலன்னா நீ சொல்றபடி பாக்கலாம்."

ஆக, அந்த ஒரு பரீட்சையோடு என் வாழ்க்கை கட்டப்பட்டுவிட்டது.

டுட்டோரியல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் அரிசி மண்டியின் மாடியில் நடந்தது. மேலே தகரக் கூரை. கீழேயிருந்து தவிட்டுத் தூசி எழுந்து வரும். முதல் நாள் போனபோது பூசணிக்காய்க்காரியின் மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள். வேறு வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இன்னும் பலர் இருந்தார்கள். எங்கள் டி.சி.யோடு இருந்த கடிதங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரே வாக்கியம். எங்கள் அப்பா அம்மாக்கள் எல்லாருக்கும் ஒரே குடும்பச் சூழ்நிலை. கணக்கு சார் வேடிக்கையான ஆள். உள்ளே வந்ததும், "பெயிலானவங்க எல்லாம் அந்தப் பக்கம். சொந்த விருப்பம் பார்ட்டி எல்லாம் இந்தப் பக்கம்" என்பார். நாங்கள் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது?

அப்போதிலிருந்து அப்பா ஒரு புது வழக்கத்தை ஆரம்பித்தார். சாயங்காலம் நான் கடைக்கு வந்ததும் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, கணக்கு நோட்டை வாங்குவார். எது சரி, எது தப்பு என்று அவருக்குத் தெரியாது. தேதியை மட்டும் பார்ப்பார்.

"நேத்து செவ்வாக்கெழம. எங்க?"

"சார் வரலப்பா."

மறுநாள் கடை திறக்கும்முன் டுட்டோரியல் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பார். "நேத்து ஏன் சார் வரல? உடம்பு சரியில்லியா?" சார் என்னிடம், "உங்கப்பா இன்னாம்மா, போலீஸா?" என்று கேட்டார். அவமானத்தில் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அதன்பிறகு சார் ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறவில்லை.

ஒரு நாள் வட்டத்தின் கோணம் பற்றிய பாடம். அப்பா கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். "பின் சக்கரத்துல நாப்பது ஸ்போக்குப்பா. முந்நூத்தி அறுபத நாப்பதால வகுத்தா ஒம்பது. ஒரு ஸ்போக்குக்கும் அடுத்த ஸ்போக்குக்கும் நடுவுல ஒம்பது டிகிரி" என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "இத்தினி வருஷமா கோட்டம் எடுக்கறேன். ஒம்பதுனு எனக்குத் தெரியாதே" என்றார். அன்று வந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார்.

அந்த முகத்தை நினைத்தால் எனக்கு அன்பு வருகிறது. அடுத்த நொடியே கோபமும் வருகிறது. இவ்வளவுதானே? ஒரு நோட்டைத் திருப்பித் தேதி பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா? நவம்பரிலேயே அவர் ஒரு தடவை திருப்பியிருந்தால், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்பது வீட்டில் ஒரே ஒரு வீடு திருப்பியிருந்தால், அந்தத் தையல் டீச்சரின் ஸ்வெட்டர் பாதியில் நின்றிருக்கும்.

மார்ச்சில் எழுதினேன். கணக்கில் அறுபத்து மூன்று. தனித்தேர்வராக எழுதி வாங்கிய மார்க் ஷீட் என்பதால் பதினொன்றாவதில் நான் கேட்ட அறிவியல் பிரிவு கிடைக்கவில்லை. ஆனால் டிராக்டர் வீட்டுக்குப் போகவில்லை. பூசணிக்காய்க்காரியின் மகள் தையிலேயே டுட்டோரியலை விட்டு நின்றுவிட்டாள். அவளுக்கு எந்த ஊரில் கல்யாணம் ஆனது என்றுகூட எனக்குத் தெரியாது.

ரிசல்ட் வந்த வாரம் பழைய பள்ளிக்கூடத்து பியூன் ஏணியோடு வந்தார். ரோட்டுக்குக் குறுக்கே துணி பேனர் கட்ட எங்கள் புளியமரம் வேண்டுமாம். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி, கீழே தலைமையாசிரியைக்கு வாழ்த்து. ஏணி ஆடியது. அப்பா ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா புடிச்சீங்க?" என்று கத்தினேன்.

"வுழுந்துட்டார்னா? உசுரு இல்லியாம்மா?"

ஒரு மாதம் அந்த பேனர் எங்கள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒன்பது பேர் இல்லாத நூறு சதவீதம்.

இனி நேற்று நடந்தது.

என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். பெரிய பள்ளிக்கூடம், பஸ், டை, எல்லாம் உண்டு. என் அப்பா மாதிரி நான் இல்லை என்பதுதான் என் கர்வம். அவன் மார்க் என் போனுக்கே வந்துவிடும். ஆபீஸில் சாப்பிடும்போதே பார்ப்பேன். இரண்டு மார்க் குறைந்தாலும் சாயங்காலம் கேட்பேன். இந்த வருடம் கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். கத்தியும் இருக்கிறேன்.

நேற்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய அறை, மெத்தை நாற்காலி, பேப்பர் கப்பில் காபி. பிரின்சிபால் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவராக இருப்பார்.

"ரொம்ப நல்ல பையன் மேடம். பிஹேவியர்ல குறையே சொல்ல முடியாது. ஆனா மேத்ஸ் வீக்கா இருக்கான். டென்த் இங்க ரொம்ப ஸ்ட்ரெஸ் ஆயிடும். வேற ஸ்கூல் பாத்தீங்கன்னா ரிலாக்ஸ்டா படிப்பான். அவனோட நல்லதுக்குத்தான்."

ஆங்கிலத்தில் மூன்று வரி அடித்த ஒரு தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

நான் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மனு கொண்டுவருகிறவர்களிடம், "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறவள். அப்படிப்பட்ட நான் பேனாவைத் திறந்தேன். "நீங்க சொன்னா சரிதான் மேடம்" என்றேன். என் வாயிலிருந்துதான் அது வந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றாத என் இனிஷியலை எழுதினேன். புள்ளி வைத்தேன். பெயரைத் தொடங்கும்போதுதான் அந்த விரலைப் பார்த்தேன். அதே இடத்தில், அதே மாதிரி வைத்த விரல்.

"படிச்சுட்டு திங்கக்கிழமை தர்றேன்" என்றேன்.

"இதுல படிக்க என்ன மேடம் இருக்கு? எங்க மேல நம்பிக்கை இல்லியா?"

"இல்லிங்க."

வெளியே வந்து, தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரிடம் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ்ல கீது. நீ படி" என்றார். வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"சொந்த விருப்பம்னு போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்குப்பா."

தாளைத் திருப்பி வாங்கினார். அடியில் விரலை வைத்தார். "இங்க என் எழுத்து மட்டும் இருக்குது."

"இனிஷியலோட நிறுத்திட்டேன்பா."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு, "பையனைக் கூப்புடு. கணக்கு நோட்டை எடுத்துனு வரச் சொல்லு" என்றார்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தான். அப்பா விரலில் எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார். தேதியை மட்டும் பார்த்தார். ஜூன். ஜூலை. விரல் நின்றது.

"ஜூலைக்கு அப்புறம் எங்கடா?"

"சார் வேலைய விட்டுப் போய்ட்டாரு தாத்தா. அப்புறம் ஒரு மிஸ் வந்தாங்க. அவங்களும் ரெண்டே நாள்ல போய்ட்டாங்க. இப்ப பி.டி. சார்தான் வந்து உக்காருவாரு. மொபைல் பாத்துனு இருப்பாரு."

"உங்கம்மாகிட்ட சொல்லலியா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "அம்மா மார்க்கைத்தான் கேப்பாங்க, தாத்தா. இதெல்லாம் கேக்க மாட்டாங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னான். சொல்லிவிட்டு அறைக்குப் போனான். கதவைக்கூடச் சாத்தவில்லை.

இவ்வளவு வருடம் என் கோபம் முழுவதையும் அந்தத் தலைமையாசிரியையின் மேசையிலும் அப்பாவின் பேனாவிலும் கொட்டிவைத்திருந்தேன். அதில் எதையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அதே பெஞ்சில் எனக்கும் இடம் போட்டு வைத்திருக்கிறது. உங்கள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருபவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? மார்க்கைக் கேட்கவில்லை. ஆள் யார்? இன்று வந்தாரா?

அப்பா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம எத்தினி மணிக்கு?"

"பத்து மணிக்குப்பா."

"நானும் வர்றேன்."

"முட்டி வலியோட நீங்க எதுக்குப்பா?"

அவர் நோட்டை என் பையில் வைக்கும்படி நீட்டினார். நான் வாங்கியதும் சொன்னார்.

"அங்க காபி குடுத்தாங்கன்னா குடிக்காத."